ஓரத்துச் சிப்பாய்க்கு என் அன்பு

"திருட்டு நடந்திருக்கு," என்றார் பார்லர்காரம்மா. நாற்காலியில் இன்னும் உட்காரக்கூட இல்லை.

"என்ன போச்சு? நகையா?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்ல. யோசனை."

பக்கத்து மேசையில் பென்சில் சீவிக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்தான். "எங்க வச்சிருந்தீங்கம்மா? பீரோவுலயா?"

"மண்டைக்குள்ள."

"அப்ப பூட்டை உடைச்ச தடயம் எதுவும் கிடைக்காது அத்தை."

"மாப்பிள்ளை, கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் டீச்சர்.

அந்த அலுவலகத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. பள்ளிக்கூடத்தில் பல காலம் வடிவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, வேலையை விட்டதும் துப்பறியும் தொழிலில் இறங்கியவர் டீச்சர். அவருடைய ஒரே உதவியாளன், அவருடைய ஒரே மகளின் கணவன். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றுக்கொண்டிருந்தவன். கம்பெனி மூடியதும் வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் என்று வந்து உட்கார்ந்தான். பிறகு வேறு வேலை தேடுவதை அவனே மறந்துவிட்டான். எவ்வளவு கோபம் வந்தாலும் மாமியார் தன்னை 'ங்க' போட்டுத்தான் பேசியாக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அந்தச் சலுகையை அவன் ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

பார்லர்காரம்மா கைப்பையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்தார். முகம் துடைக்கும் டிஷ்யூ காகிதத்தில் சுற்றி, கொலைக் கத்தியைப் போலக் கொண்டுவந்திருந்தார்.

"நான் தபால் செஸ் ஆடறவ," என்றார். "நான் ஒரு காயை நகர்த்தி கார்டுல எழுதி அனுப்புவேன். அந்தப் பக்கம் யோசிச்சு அவர் ஒண்ணு நகர்த்தி எழுதுவார். ஒரு ஆட்டம் முடிய வருஷம்கூட ஆகும்."

"எங்க வீட்டுல நானும் என் பொண்டாட்டியும் சண்டை போட்டுக்கற வேகம்தான்," என்றான் மாப்பிள்ளை.

"மாப்பிள்ளை, அவ என் பொண்ணு."

"அதான் அத்தை, உங்களுக்குத் தெரியாததா."

பார்லர்காரம்மா இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. இது சாதாரண ஆட்டமல்ல, தபால் செஸ் சங்கத்தின் இறுதி ஆட்டம். எதிராளி வேறு ஊர்க்காரர். சங்க விதிப்படி கார்டில் பெயர் கிடையாது, உறுப்பினர் எண்ணும் முகவரியும் மட்டும்தான். ஆனால் பார்லர்காரம்மா அவருக்குக் கர்னல் என்று பெயர் வைத்திருந்தார். காரணம், எழுதும் தோரணை. 'உங்கள் குதிரை வந்து சேர்ந்தது. வெட்டிவிட்டேன். நலம்.' இப்படித்தான் எழுதுவாராம். மீசையை முறுக்கிக்கொண்டு எழுதுகிற ஆள் என்பதில் பார்லர்காரம்மாவுக்குச் சந்தேகமே இல்லை.

"ஆட்டத்துக்கு ஓப்பனிங்தான் உசிரு," என்று அவர் தொடர்ந்தார். "யாருமே யோசிக்காத ஒரு ஓப்பனிங்கை நான் உருவாக்கி வச்சிருந்தேன். என் வலது ஓரத்துச் சிப்பாய் இருக்கே, அதை ஆரம்பத்துல யாரும் தொட மாட்டாங்க. நான் அதைத் திடீர்னு ஓட விட்டு, பின்னாடியே யானையை இறக்கி, அவர் ராஜாவோட வாசக் கதவைத் தட்டப் போறேன். ரொம்ப காலமா ரகசியமா வச்சிருந்தது. இன்னும் அந்தச் சிப்பாய் மேல கைகூட வைக்கல. அதுக்குள்ள இது வருது."

டீச்சர் கார்டை வாங்கிப் படித்தார்.

'உங்கள் மந்திரி கிடைத்தது. என் குதிரை புறப்படுகிறது. ஓரத்துச் சிப்பாய்க்கு என் அன்பைச் சொல்லவும்.'

"அட," என்றான் மாப்பிள்ளை. "கர்னல் மரியாதை தெரிஞ்சவர்."

"நக்கல் பண்றார் அந்த ஆளு. என் திட்டம் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. சொன்னது யாருன்னும் எனக்குத் தெரியும். என் மருமக."

மருமகள் வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. பிறந்த ஊர், கர்னலின் அதே ஊர். போதாக்குறைக்குக் கல்லூரியில் செஸ் விளையாடிக் கோப்பை வாங்கியவள். அந்தத் திட்டத்தைக் காய் அடுக்கி மாட்டியிருக்கும் பார்லர் அறைக்குள் தினமும் தூசி தட்டப் போவதும் அவள்தான். மகன் வேலை விஷயமாக வெளியூரில் இருக்க, வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். இன்று காலை கார்டைப் படித்துவிட்டு, 'உன் ஊருக்கே போயிடு' என்று பார்லர்காரம்மா சொல்லிவிட்டார். அவளும் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய்விட்டாள்.

"அழுதாளா?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்ல. கதவை மெதுவாச் சாத்திட்டுப் போனா." பார்லர்காரம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அடிச்சுச் சாத்தியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்."

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார். "பார்லரைப் பாக்கணும். வாங்க மாப்பிள்ளை."

*

பார்லரில் அன்று விடுமுறை. தலைமுடி உலர்த்தும் கவசங்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. மணப்பெண் அலங்காரத்துக்கு உள்ளே தனி அறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, அதைச் சுற்றிலும் பல்புகள், முன்னால் சுழல் நாற்காலி. எதிர்ச் சுவரில், நாற்காலிக்கு முதுகுப் பக்கமாக, ஒரு பச்சைத் துணி தொங்கியது.

அதுதான் செஸ் பலகை. பார்லர்காரம்மாவே தைத்தது. கட்டத்துக்கு ஒரு சின்னப் பை. பைகளில் அட்டையில் வெட்டிய காய்கள். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கிடையாது, எல்லாமே ஒரே பச்சை. கட்டங்களைப் பிரிப்பது நூல் கோடுகள் மட்டுமே. கீழ் வரிசையில் பார்லர்காரம்மாவின் படை. ஆட்டத்தில் இன்னும் தொடாத அந்த வலது ஓரத்துச் சிப்பாய் மட்டும், திட்டப்படி, கூட்டத்தை விட்டுத் தன்னந்தனியாக மேலே ஏறி நின்றது.

"எனக்கு செஸ் தெரியாது," என்றார் டீச்சர். "கர்னல் கடைசியா என்ன பண்ணினார்னு மட்டும் காட்டுங்க."

"போன கார்டுல இந்தச் சிப்பாய். இப்ப இந்தக் குதிரை." பார்லர்காரம்மா மேல் வரிசையில் விரல் வைத்தார்.

டீச்சர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ரெண்டும் இடது ஓரத்துக்குக் காவல் மாதிரி இருக்கு. நீங்க வர்றது வலது ஓரத்துல."

"அது என்னைக் குழப்பறதுக்கு. தந்திரம்."

"திருடன் வர்ற வாசல் தெரிஞ்சும் அடுத்த வாசலுக்கு ரெண்டு பூட்டு போடறது என்ன தந்திரம்?"

மாப்பிள்ளை அதற்குள் சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கண்ணாடியைப் பார்த்து நிறுத்தினான். பார்லர்காரம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மனசு சரியில்லாதபோது கை சும்மா இருக்காது. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கை தானாக வேலையைத் தொடங்கிவிடும். ஒரு கிண்ணத்தில் பச்சையாக எதையோ குழைத்து, அவன் கன்னத்தில் தடவ ஆரம்பித்தார்.

"அம்மா, நான் உதவியாளன்."

"ஆடாம இருப்பா. மூக்கோரம் ரொம்பக் காஞ்சு கிடக்கு."

"அசையாதீங்க மாப்பிள்ளை," என்றார் டீச்சர். அவர் குரலில் திடீரென்று வகுப்பறை வந்திருந்தது. "கண்ணாடியப் பாருங்க. பின்னாடி அந்தத் துணி தெரியுதா?"

"தெரியுது அத்தை."

"தனியா ஒரு சிப்பாய் முன்னால வந்து நிக்குதே, அது எந்த ஓரம்?"

"இடது ஓரம்."

பார்லர்காரம்மாவின் கை நின்றது. திரும்பித் துணியைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார்.

"ராஜா எங்க நிக்கறார், ராணி எங்க நிக்கறாங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"தெரியல. நடுவுல என் தலை மறைக்குது. தலை பெரிசுன்னு உங்க பொண்ணு தினமும் சொல்லுவா. அது ஒரு நாள் சாட்சிக் கூண்டுல ஏறும்னு அவளுக்குத் தெரியாது."

"அவ்வளவுதான்," என்றார் டீச்சர். வெகுநாள் கழித்து ஒரு தேற்றத்தை நிரூபித்த மகிழ்ச்சி அவர் முகத்தில் வழிந்தது. "நடுவுல ராஜா ராணி தெரிஞ்சிருந்தா, இடம் மாறி நிக்கறாங்களேன்னு கர்னல் கண்டுபிடிச்சிருப்பார். கட்டம் கறுப்பு வெள்ளையா இருந்திருந்தாலும் மாட்டியிருப்பார். ரெண்டும் இல்ல. அதனால தெரிஞ்சதை அப்படியே நம்பிட்டார். உங்க திட்டத்தைப் பாத்தது யாரா இருந்தாலும் கண்ணாடி வழியாத்தான் பாத்திருக்காங்க. உங்க மருமக தினமும் இந்தத் துணியை நேருக்கு நேரா நின்னு தூசி தட்டறவ. அவ சொல்லியிருந்தா கர்னல் சரியான வாசலுக்குப் பூட்டு போட்டிருப்பார்."

கிண்ணம் மேசைமேல் உட்கார்ந்தது. பார்லர்காரம்மாவும் கூடவே உட்கார்ந்தார்.

"அப்ப இந்த நாற்காலியில உக்காந்த பொண்ணுங்கள்ல ஒருத்தியா?"

"கல்யாணப் பொண்ணு கண்ணாடியில தன் முகத்தை விட்டுட்டுப் பின்னாடி மாட்டின துணியவா பாப்பா? தவிர, அவ தலைதான் நடுவுல மறைக்குதுன்னா, பாத்தவங்க அவளுக்குப் பின்னால, கொஞ்சம் பக்கவாட்டுல நின்னிருக்கணும்." டீச்சர் அந்த இடத்துக்குப் போய் நின்று பார்த்தார். "இங்க. இங்க வழக்கமா யாரு நிப்பாங்க?"

பார்லர்காரம்மா எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

மாப்பிள்ளை பச்சை முகத்தோடு பையிலிருந்து செல்போனை எடுத்தான். "அம்மா, உங்க பார்லருக்கு இன்டர்நெட்ல ஒரு பக்கம் இருக்குல்ல? என் பொண்டாட்டி விடிஞ்சதும் அதைப் பாத்துட்டுத்தான் பல்லே விளக்குவா. அதுல எல்லாப் பொண்ணும் கண்ணாடிக்குள்ள இருக்கற மாதிரியே போட்டோ வருமே, அதை எடுக்கறது யாரு?"

"பிம்பத்துலதான் முகத்துக்கு ஒரு களை வரும்," என்றார் பார்லர்காரம்மா மெல்லிய குரலில். "அதனால நான்தான்..."

மாப்பிள்ளை போனை நீட்டினான். படத்தில் ஒரு மணப்பெண் வெட்கத்தோடு சிரித்தாள். கோபுரம்போல ஒரு கொண்டை. கொண்டைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பச்சைத் துணியின் இரண்டு ஓரங்கள், பல்பு வெளிச்சத்தில் பளிச்சென்று. இடது ஓரத்தில் அந்த ஒற்றைச் சிப்பாய், தானும் போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றது.

"திருடியப் பிடிச்சாச்சு அத்தை," என்றான் மாப்பிள்ளை. "என் மூஞ்சியில கை வச்சதுக்குத் தனி வழக்கு."

பார்லர்காரம்மா சிரிக்கவில்லை. "நான் மருமகளை என்னவெல்லாம் கேட்டேன் தெரியுமா," என்றார். "யாரு உனக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னுகூடக் கேட்டேன்."

டீச்சர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவைத்து, படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தார். பாராட்டுகளுக்கு நடுவே ஒரு கருத்து: 'பொண்ணு அழகு கண்ணா. பின்னாடி ஓரத்துல நிக்கற குட்டி அதைவிட அழகு.' கருத்துக்கு உரியவர் அலங்காரத்துக்குத் தேதி கேட்டுத் தன் செல் நம்பரையும் விட்டிருந்தார். பார்லர்காரம்மாவே 'வாங்க மேடம்' என்று பதில் போட்டிருந்தார்.

"மேடமா?" என்றான் மாப்பிள்ளை.

டீச்சர் ஏற்கெனவே எண்களை அழுத்திக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் மணி அடித்தது. எடுத்ததும் பின்னணியில் முப்பது நாற்பது குழந்தைகளின் கூச்சல். அதற்கு மேலே, தேனில் ஊறவைத்த மாதிரி ஒரு பெண் குரல்.

"சொல்லு கண்ணா."

"தபால் செஸ் விஷயமா பேசறோம்," என்றார் டீச்சர். "இறுதி ஆட்டம்."

"ஓ. ஓரத்துக் குட்டிச் சிப்பாயா?" குரல் குதூகலித்தது. "ஒரு நிமிஷம்மா. டேய் செல்லம், அது சாப்பிடற பொருள் இல்ல, கீழ போடு. ம், சொல்லுங்க."

பார்லர்காரம்மாவின் மனசுக்குள் பல காலமாக முறுக்கிக்கொண்டிருந்த மீசை அந்த நிமிடம் உதிர்ந்தது. கர்னல் ஒரு மழலையர் பள்ளி நடத்துகிற அம்மாள். தினமும் நாள் பூராவும் கொஞ்சிக் கொஞ்சிப் பேசித் தொண்டை அலுத்துப்போவதால், கார்டிலாவது நறுக்கென்று எழுதலாமே என்று எழுதுவாராம். மகளின் கல்யாண அலங்காரத்துக்காகப் பார்லர்களைத் தேடும்போது, ஒரு பார்லரின் முகவரி தன் எதிராளியின் முகவரியாகவே இருந்திருக்கிறது. எதிராளி அந்தக் கட்டடத்தில் இருக்கும் வயசான வக்கீல் யாராவது என்றுதான் அவர் நினைத்திருந்தாராம். பக்கத்தைத் திறந்தார், கொண்டைக்குப் பின்னால் பலகையைப் பார்த்தார்.

"பாக்காத மாதிரி இருந்துடலாமான்னு யோசிச்சேன் கண்ணா," என்றது குரல். "மனசு கேக்கல. அதான் பாத்துட்டேன்னு தெரியட்டும்னு, அன்பு சொல்லி எழுதினேன். தப்பா?"

"இல்ல இல்ல," என்றார் பார்லர்காரம்மா. "நீங்க நேர்மையாத்தான் நடந்திருக்கீங்க."

"அய்யோ, நீங்கதானா அது. உங்களைப் பெரிய மீசைக்காரரா நெனச்சுட்டேன். கோச்சுக்காதீங்க, இனிமே உங்க குட்டி வர முடியாது. அந்த இடது பக்கத்தை நான் நல்லா இறுக்கிச் சாத்திட்டேன்."

மாப்பிள்ளை வாயைத் திறந்தான். பார்லர்காரம்மா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார். டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. பச்சைக் குழம்பு ஒட்டிய கையோடு பார்லர்காரம்மா, "ஆமாங்க, நல்லா இறுக்கிட்டீங்க," என்று சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போனை வைத்ததும் மூன்று பேரும் அறை அதிரச் சிரித்தார்கள்.

முதலில் நிறுத்தியது பார்லர்காரம்மாதான். "பஸ்ஸு," என்றார். "அவ பஸ்ஸு."

*

டாக்ஸியில் டிரைவர் கண்ணாடி வழியாக மாப்பிள்ளையின் பச்சை முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"உடம்புக்கு என்னங்க?"

"பொறாமை. இங்கிலீஷ்ல பச்சையாத்தான் வரும்," என்றான் மாப்பிள்ளை. "முத்திப்போச்சு. நீங்க ரோட்டப் பாருங்க."

பஸ் நிலையத்தில் அந்த ஊர்ப் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோர இருக்கையில் மருமகள். மடியில் பெட்டி. பார்லர்காரம்மா படியேறிப் போய் அவள் பக்கத்தில் நின்றார். பயணிகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். டீச்சரும் மாப்பிள்ளையும் ஜன்னலுக்குக் கீழே நின்றார்கள்.

"போட்டோ எடுத்து ஊருக்கே காட்டினது நான்தான்," என்றார் பார்லர்காரம்மா. "நீ இல்ல."

மருமகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நான் இல்லன்னு எனக்குக் காலையிலயே தெரியும் அத்தை."

"கேட்டிருக்கக் கூடாது. அந்த மாதிரிக் கேட்டிருக்கவே கூடாது."

அவள் பெட்டியின் பிடியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியைச் சரிசெய்தார். பார்லர்காரம்மாவுடையது யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாத நாக்கு.

"கர்னல் இடது ஓரத்துல ரெண்டு காயை வீணாக்கிட்டாங்க," என்றார் கடைசியில். "கண்ணாடியில பாத்துட்டு ஓரம் மாறிப்போச்சு அவங்களுக்கு. நான் இப்ப என்ன நகர்த்தட்டும்?"

மருமகளின் கண் ஒரு கணம் மின்னியது. உடனே அடங்கியது. "சங்கத்துல விதி இருக்கு அத்தை. வெளியாள்கிட்ட யோசனை கேக்கக் கூடாது."

"ஆமா. வெளியாள்கிட்டதான் கேக்கக் கூடாது."

இன்ஜின் சத்தத்திலும் அது ஜன்னலுக்கு வெளியே தெளிவாகக் கேட்டது. மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியை மடியிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்தாள். பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. பார்லர்காரம்மா உட்கார்ந்தார்.

"ஓரத்தை விடுங்க," என்றாள் அவள். "அங்க ரெண்டு காய் காவலுக்குப் போனதால அவங்க நடு பலவீனமாயிடுச்சு. நடுச் சிப்பாயைத் தள்ளுங்க."

"அப்ப என் ஓப்பனிங்?"

"உங்க ஓப்பனிங் நல்லதுதான். இந்த ஆட்டத்துக்கு வேணாம்."

எத்தனையோ மத்தியானங்களில், கடைக்கு ஆள் வராத நேரத்தில், பைபையாகத் தைத்துப் பார்த்த திட்டம் அது. பார்லர்காரம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். உதட்டைக் கடித்தார். பிறகு, "ஒரு கட்டமா, ரெண்டு கட்டமா?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"குதிரை வந்து மேல விழுமே."

"எப்படி விழும்? இங்க பாருங்க." மருமகள் ஜன்னல் கண்ணாடியின் தூசியில் விரலால் கட்டம் போட ஆரம்பித்தாள்.

"அத்தை," என்றான் மாப்பிள்ளை. "பஸ் நகருது."

டீச்சர் ஜன்னலைத் தட்டினார். "எறங்குங்கம்மா. பஸ்ஸு கிளம்பிடுச்சு."

"அடுத்த நிறுத்தத்துல எறங்கிக்கறோம்," என்றார் பார்லர்காரம்மா, தூசிக் கட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. அவருடைய விரலும் கண்ணாடிமேல் ஏறியிருந்தது. இரண்டு விரல்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, மறுத்துக்கொண்டு, பஸ்ஸோடு வளைவில் திரும்பி மறைந்தன.

அடுத்த நிறுத்தத்தில் அவர்கள் இறங்கவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. சாயங்காலம் டீச்சரின் போனுக்கு ஒரு செய்தி வந்தது: 'கர்னல் வீட்டில்தான் இருக்கோம். நடுச் சிப்பாயைக் கையிலேயே குடுத்துட்டோம். ரொம்ப நேரமா அவங்ககிட்ட பேச்சே காணோம், குழந்தைங்களைக்கூடக் கொஞ்சல. ராத்திரி இங்கேயே தங்கச் சொல்றாங்க. மருமகளும் சரின்னுட்டா.'